லோத்தின் மனைவியிடம் நகைப்பெட்டி இருந்ததா?

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக அந்தக் காணொளியை எல்லோரும் "அருமையான செய்தி" என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

"லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்." லூக்கா 17:32. இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு போதகர் ஐயா நாற்பது நிமிடம் பெண்களின் கழுத்தையும் காதையுமே பேசினார். சோதோம் நகரம் அழியப்போகிறது, திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள் என்று தேவதூதர்கள் லோத்தின் குடும்பத்துக்குச் சொன்ன கதை அது; நகைப்பெட்டியை நினைத்துத்தான் அவள் திரும்பினாளாம். எந்த வேதாகமத்தில்? ஆதியாகமம் 19:26-இல் அவள் பின்னிட்டுப் பார்த்தாள், உப்புத்தூண் ஆனாள். அவ்வளவுதான். நகை இல்லை.

பத்து வசனம் மேலே போங்கள். தாமதித்தவர் லோத்து. தூதர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அப்புறமும் மலைக்கு ஓட முடியாது, பக்கத்துச் சின்ன ஊரான சோவாருக்குப் போகிறேன் என்று பேரம். அவர் சோதோம் பக்கம் குடிபோனதே யோர்தான் சமவெளியின் நீர்வளத்தைப் பார்த்துத்தானே? அதற்கு நாலு நிமிடம்கூடக் கிடைக்கவில்லையா ஐயாவுக்கு?

"இயேசுவே அவளைத்தானே காட்டினார்" என்று வருவீர்கள். சரி, காட்டினார். முந்தின வசனத்தில் வீட்டின்மேல் இருப்பவன் பண்டங்களை எடுக்க இறங்க வேண்டாம் என்கிறாரே, அவன் யார்? "அது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது" என்றால், நானும் அதைத்தான் சொல்கிறேன். எல்லோருக்கும்.

வீட்டின்மேல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்த இரவு, அப்பா மொட்டை மாடியிலிருந்து மூன்று தடவை கீழே இறங்கினார். முதலில் வீட்டுப் பத்திரம், பிறகு இன்வெர்ட்டர் பேட்டரி, கடைசியில் டிவி. மூன்றாம் தடவை தண்ணீர் மார்பளவு. அம்மாதான் படியில் நின்று புடவையை வீசி அவரை இழுத்தார். அம்மாவின் இரண்டு வளையலும் அடுத்த மாதம் அடகுக்கடைக்குப் போயின. மீட்கவே இல்லை.

அந்த அம்மா ஞாயிறன்று கண்ணாடி வளையலோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். "பெண்களே, உங்கள் பொக்கிஷம் எங்கே?" என்று ஐயா கேட்டதும் எழுந்த ஆமென்களில் அப்பாவின் குரல்தான் பெரிது.

ஊழியக்காரரைக் குறை சொல்லக் கூடாது என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பிரசங்கம் முடிந்த கையோடு கட்டட நிதிக் கவர் வந்ததே, கழற்றுவதை எங்கே போட வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அம்மா ஐந்நூறு ரூபாய் வைத்தார். கவரின் மேல் அப்பாவின் பெயரை எழுதினார்.