அது சீட்டாட்டம், குறி சொல்வது இல்லை

நேற்று ஒரு சினிமாவில் வரும் டாரோட் சீட்டுக் காட்சி தப்பு என்று இரண்டு வரிதான் எழுதினேன், அதற்கு இவ்வளவு கேலி வரும் என்று நினைக்கவில்லை. கதை நடப்பது 15ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் மிலான் நகரில். ஒரு கிழவி குறி சொல்ல டாரோட் சீட்டைப் புரட்டுகிறாள், 'மரணம்' என்ற சீட்டு விழுகிறது, சுற்றியிருக்கும் பெண்கள் அலறுகிறார்கள். ஐயா, அந்தக் காலத்தில் அது விளையாட்டு. வெறும் சீட்டாட்டம்!

1440களில் வட இத்தாலிப் பிரபுக்கள் வீட்டில் பொழுதுபோக்காக ஆடியது. நம்மூரில் துருப்பு போட்டு வெட்டுவோமே, அதே மாதிரி ஆட்டம்தான். சாதாரணச் சீட்டு 56, அதற்கு மேல் 22 படச் சீட்டு, துருப்பு என்பது இவைதான். மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்ட்சா குடும்பத்துக்காகக் கையால் வரைந்து தங்கம் பூசிய கட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. துருப்புகளில் எண்ணே கிடையாது, எது எதை வெட்டும் என்று ஆடுகிறவர்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். மரணம் அதில் வில் பிடித்து நிற்கும் எலும்புக்கூடு. கைக்கு வந்தால் சந்தோஷப்பட வேண்டிய துருப்பு அது! 1781இல் பாரிஸில் கூர் து ஜெபலான் என்ற எழுத்தாளர் இதை எகிப்திய ரகசியம் என்று ஆதாரமே இல்லாமல் எழுதிய பிறகுதான் குறி பார்ப்பது பரவியது.

"படம்தானே, விடுங்க" என்கிறீர்கள். உடைக்கும் நகைக்கும் அவ்வளவு மெனக்கெட்டவர்கள் சீட்டுக்கு மட்டும் ஏன் மெனக்கெடவில்லை? "அப்போதும் யாராவது குறி பார்த்திருக்கலாமே" என்று ஒருவர். சரி, பார்த்திருக்கலாம். ஆனால் படம் முழுக்க ஒருவர்கூட உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடவில்லையே.

பிரான்சில் இன்றும் குடும்பமாக இதை ஆடுகிறார்கள். அங்கிருந்து நண்பர் கொண்டுவந்த கட்டு என்னிடம் இருக்கிறது, அதன் துருப்புகளில் இருப்பது சாதாரண மனிதர்களின் அன்றாடக் காட்சிகள். பெட்டியில் டாரோட் என்ற பெயரைப் பார்த்ததுமே சித்தி என் மகளை அந்தப் பக்கம் போகவிடவில்லை. ஆட்டம் சொல்லித்தர நான் ஆசையாகக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சித்தி மேல் கோபமில்லை, அவர் பார்த்ததெல்லாம் இந்த மாதிரிப் படங்கள்தான். ஆனாலும் வலித்தது.

இன்னொன்று. கிழவி கையில் இருந்தது குதிரையில் வரும் எலும்புக்கூடு. அது லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வெளிவந்த சீட்டு. பெரிய வேலை, கிடைத்த காசோ ரொம்பக் குறைவு என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1951இல் கடனோடுதான் இறந்தார். அவர் கை வேலையை எடுத்து நானூற்றைம்பது வருஷம் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடைசியில் ஓடும் பெயர்களில் அவருக்கு ஒரு வரி கூட இல்லை. இதையும் விடச் சொல்கிறீர்களா?