மூன்று ராத்திரி, ஏழு பாட்டு

இங்கிலாந்து ராக் இசைக்குழு டீப் பர்ப்பிளின் 1972 மேடைக் கச்சேரி ஆல்பமான ‘மேட் இன் ஜப்பான்’ 2025இல் மறுபடியும் வந்திருக்கிறது. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த புது மிக்ஸ் (தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்துச் சேர்ப்பது), சுற்றிலும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ், மூன்று கச்சேரிகளும் முழுசாக. வாங்கலாமா என்று நாலைந்து பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். வாங்குங்கள். ஆனால் புது மிக்ஸுக்காக வேண்டாம், அந்த மூன்று ராத்திரிகளுக்காக வாங்குங்கள்.

1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17 டோக்கியோ புடோகான். ஜப்பானில் விற்க ஒரு லைவ் ரெக்கார்டு வேண்டும் என்று அங்கிருந்த கம்பெனிதான் கேட்டது, இவர்களுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. சரி, பதிவு செய்வதென்றால் எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். எட்டு டிராக் டேப், அவ்வளவுதான். மிக்ஸிங்குக்குக் குழுவிலிருந்து பேஸ் கிதார் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் இயன் பெய்ஸும் மட்டும் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்து லைவ் ஆல்பங்கள் பலவற்றில் ஸ்டுடியோவுக்குப் போய்க் குரலையும் கிதாரையும் திருத்திச் சேர்ப்பது சர்வசாதாரணம். இதில் மேடையில் வாசித்ததுதான் ரெக்கார்டில் இருக்கிறது.

நான் இதை முதலில் கேட்டது ஹாஸ்டலில், யாரோ பதிந்து கொடுத்த 90 நிமிஷக் கேசட்டில். ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டில் ரிச்சி பிளாக்மோர் கிதாரில் ஒரு வரி வாசிப்பார், இயன் கில்லன் அதைத் தொண்டையில் அப்படியே திருப்பிக் கொடுப்பார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வருமே, அந்த மாதிரி. கடைசியில் கில்லன் ஒரு அலறல் அலறுவார் பாருங்கள், மனுஷத் தொண்டைதானா என்றிருக்கும். அப்புறம் பாட்டு முடிந்து கைதட்டல் வருவதற்குள் அந்தப் பக்கத்து டேப் தீர்ந்துவிடும். அந்தக் கைதட்டலை நான் கேட்டது பல வருஷம் கழித்து, சிடியில்தான்.

புது மிக்ஸ் பற்றி. வில்சன் கைதேர்ந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜான் லார்டு தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாகக் கிதார் மாதிரி உறுமவிட்டவர். ஆர்கன் எங்கே முடிகிறது, கிதார் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இரண்டும் மல்லுக்கட்டுவதுதான் இந்த இசைக்குழுவின் உயிர். இருவரையும் விலக்கிவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தால் எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும், சண்டை போய்விடும். பாட்டுகளுக்கு நடுவே ‘எல்லாமே எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருக்கட்டும்’ என்று மேடையிலிருந்தே கேட்டவர்கள் இவர்கள். பர்ச் அதைத்தான் கொடுத்தார். முதல் தடவை கேட்பவர்கள் தயவுசெய்து 1972 மிக்ஸிலிருந்து தொடங்குங்கள்.

முழுக் கச்சேரிகள் ஏன் முக்கியம் என்றால், ஆல்பத்தில் இருக்கும் அந்த ஏழு பாட்டை எப்படிப் பொறுக்கினார்கள் என்று அப்போதுதான் புரியும். ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’, ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’, ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நான்கும் இரண்டாம் நாள். ‘தி மியூல்’, ‘லேசி’ டோக்கியோ. ஸ்டுடியோவில் நாலரை நிமிஷம் இருந்த ‘ஸ்பேஸ் டிரக்கின்’ மேடையில் கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஓடும், எல்பியில் ஒரு முழுப் பக்கம். பிளாக்மோர் ஒரு ராத்திரி வாசித்த சோலோவை அடுத்த ராத்திரி அப்படியே வாசிக்க மாட்டார், அதனால் மூன்று நாளும் ஒரே பாட்டுகள்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதல் நாளிலிருந்து எடுத்தது ஒரே பாட்டு, ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. தொடக்க ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் வரி, அன்றைக்குத்தான் சுத்தமாக விழுந்தது என்பார்கள். இந்தப் பாட்டு இருந்த ஸ்டுடியோ ஆல்பம் ‘மெஷின் ஹெட்’ வெளிவந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது, இன்று கிதார் கடைக்குப் போகும் ஒவ்வொரு பையனும் வாசித்துப் பார்க்கும் அந்த ரிஃப் அன்று புதுசு. 15ஆம் தேதியைக் கேட்டுவிட்டு உடனே 16, அப்புறம் 17 போடுங்கள். ஹெட்ஃபோனில், ராத்திரியில். அந்த முதல் அரை நிமிஷத்தை மட்டும் மூன்று தடவை.