தண்ணீர் மட்டும் காரணம் இல்லை
தண்டால், சிட்-அப் செய்யும்போது தலைவலி வந்தால் தண்ணீர் குறைவாகக் குடித்ததுதான் காரணம் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் அனுபவம் வேறு. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மொட்டை மாடிக்குப் போவேன். அப்படியும் பதினைந்தாவது தண்டாலில் பிடரி பிடித்துக்கொள்ளும், சாயங்காலம் வரை நெற்றிப்பொட்டு தெறிக்கும். செல்போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: உடம்பு இறங்கும்போது முகத்தைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்க்கிறேன், எழும்பும்போது பல்லைக் கடித்து மூச்சை அடக்குகிறேன். தலை மட்டுமே சுமார் 5 கிலோ இருக்கும். அதைப் பின்னால் மடக்கி வைத்தபடியே 20 முறை ஏறி இறங்கினால் பிடரித் தசை பாவம் என்ன செய்யும்? மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறுகிறது, அதனாலும் தலை வலிக்கும். இப்போது பார்வையைக் கைகளுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் வைத்துக்கொண்டு, எழும்பும்போது வாய்வழியாக மூச்சை விடுகிறேன். கழுத்து முன்னால் நீளத் தொடங்கினால் எண்ணிக்கை முடியாவிட்டாலும் நிறுத்திவிடுவேன். அப்புறம், சிட்-அப்பில் தலைக்குப் பின்னால் விரல்களைக் கோத்துக்கொண்டால் கழுத்துக்குத் தாங்கலாக இருக்கும் என்று அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், களைப்பு வந்ததும் வயிற்றின் வேலையைக் கை எடுத்துக்கொண்டு தலையை இழுக்கும். விரல் நுனிகளைக் காதோரம் வைத்தாலே போதும். இடி விழுந்த மாதிரி திடீரென்று கடும் தலைவலி வந்தாலோ, கூடவே வாந்தியோ பார்வை மங்கலோ இருந்தாலோ இதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.