பழைய மடிக்கணினி குப்பைக்கா?

"விண்டோஸ் 10 முடிந்தது, பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புதான். கணினி எப்போதும்போல ஓடும். மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்பும் அறிவித்தது. அதற்காகப் புதுப்பிப்பே இல்லாமல் வங்கி வேலை பார்க்காதீர்கள்!

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 ஏறவில்லையா? சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். லினக்ஸில் தமிழ் வராது என்பதும் பழங்கதை. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளுடன் எம்17என் என்ற பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். நான் அதில்தான் தட்டுகிறேன். போட்டோஷாப்தான் உங்கள் பிழைப்பு என்றால் மட்டும் மாறாதீர்கள், அது லினக்ஸுக்கு வருவதில்லை. மற்றவர்கள் முதலில் மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும்.