ஷியா மரத்தை வெட்ட வேண்டாம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் மாந்தோப்புகளில் விழும் பழ ஈ, சவன்னா புல்வெளிகளின் ஷியா மரங்களிலும் பெருகுவதால் அந்த மரங்களை வெட்டலாம் என்கிறது ஒரு கட்டுரை. மனசு கேட்கவில்லை. வெண்ணெய் எடுக்கும் ஷியா கொட்டையைப் பொறுக்கித்தான் எத்தனையோ பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள். ஈயைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் ஷியா போன்ற காட்டுப் பழங்கள்தான் தொட்டில்.

பெருநாசம் செய்வது ஆசியாவிலிருந்து போய், 2003இல் கென்யாவில் முதலில் பிடிபட்ட ஈ. தோலில் ஊசிமுனையளவு துளையிட்டு முட்டை வைக்கும். பழத்தைப் பிளந்தால் வெள்ளைப் புழுக்கள் வில்லாய் வளைந்து துள்ளும். பிறகு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட விவசாயிகளிடம் சொல்லுங்கள். முசுறு எறும்புகளையும் விட்டுவையுங்கள். அவை ஓடிய வாசனை பழத்தில் இருந்தாலே ஈ முட்டையிடத் தயங்கும்.