உலர் உணவுப் பொதியை எந்த அடுப்பில் சமைப்பது?

2022 என்றால் நம்மில் பலருக்குக் காலிமுகத்திடல் போராட்டம்தான் ஞாபகம் வரும். ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் பொடியன்கள் குதித்தது, கோட்டாபய நாட்டை விட்டுப் போனது எல்லாம் வரலாற்றில் ஏறிவிட்டன. அதே மாதங்களில் கொழும்பில் எத்தனையோ தேவாலய வளவுகளில் பசித்த சனத்துக்குச் சமைக்கக் கிடாரம் ஏறியதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற தேவாலயத்தில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் மரக்கறியும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் கிறிஸ்தவர் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை விரித்தது. பத்து நாளில் பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைத்தால்தானே. வெறும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டி கியூவில் வைத்துவிட்டு, சனம் இரவிரவாகக் காவல் இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் அதே கதிதான். ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது.

அந்த நேரம் பார்த்துச் சங்கங்கள், கம்பனிகள், வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லோரும் கொடுத்தது உலர் உணவுப் பொதி. அரிசி, பருப்பு, சீனி, கடலை, சோயா மீட். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறவர் அந்தக் கடலையை எதில் அவிப்பார்? ஊரில் என்றால் முற்றத்தில் மூன்று கல்லை வைத்து விறகைக் கொளுத்தலாம். ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக இருக்கிற கொழும்புத் தோட்டத்து வீடுகளில் முற்றம் ஏது? எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா பொதியில் வந்த பருப்பைக் கடையில் கொடுத்துவிட்டுப் பாண் வாங்கிக்கொண்டு போனார். "தானமாகக் கொடுத்ததை விற்கிறா" என்று அதற்கும் கதை கட்டினார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனை நாள் என்று கதை கட்டினவர்களுக்குத் தெரியாது.

தேவாலயமும் முதலில் பொதிதான் கொடுத்தது. அன்பியத்துப் பெண்கள் சிலர், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த சிறு குழுவைச் சேர்ந்தவர்கள், போய், "ஃபாதர், வீடுகளில் நெருப்பில்லை" என்று சொன்ன பிறகுதான் விஷயம் மாறியது. மண்டபத்துக்குப் பின்னால் கல் வைத்து, துறைமுகப் பக்கமிருந்து வந்த உடைந்த பலகைகளை விறகாக்கி, பெரிய கிடாரத்தில் சோறு. பருப்பு, பூசணிக்காய், சில நாள் பலாக்காய். மாமிசம் கிடையாது. கையில் காசில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, சைவமாக இருந்தால் இந்து வீடோ முஸ்லிம் வீடோ யாரும் எதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம். சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் மிஞ்சினதை எல்லாம் சாக்கில் போட்டு அனுப்புவார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த பிறகு இந்தத் தெருக்களில் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை வேறு. அதை அறிந்தவர்களுக்கு அந்தச் சாக்கின் பெறுமதி விளங்கும்.

சாப்பாட்டோடு செபமும் இல்லை, துண்டுப் பிரசுரமும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உதவி என்ற பெயரில் மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த நாட்டில் பழையது. 2004இல் அதைத் தடுக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலமே வந்தது. எல்லா இடத்திலும் அது வீண் சந்தேகம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கியூவில் வந்து நிற்காதவர்கள்தான் பெரிய சிக்கல். மாதச் சம்பளத்தில் கௌரவமாக இருந்த குடும்பங்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், சம்பளம் அப்படியே இருக்க, கறிச் சாமானின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் பசியோடு இருப்பார்களே தவிர, தட்டோடு வரமாட்டார்கள். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தி போல் சபைக்காரர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1833இல் பாரிஸில் சில மாணவர்கள் தொடங்கிய காலத்திலிருந்தே வீடு தேடிப் போவதுதான் அந்தச் சபையின் பழக்கம். பொழுதுபட்ட பிறகு டிபன் கேரியரில் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால், யாரோ சொந்தக்காரர் கறி கொண்டு வருகிறார் என்றுதான் நினைப்பார்.

"எங்கள் கோயில் பங்குச் சனத்துக்கே போதவில்லை, வெளியாட்களுக்கு எதற்கு?" என்ற முணுமுணுப்பும் கேட்டது. கேட்கத்தானே செய்யும். பைபிளில் அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள்: எங்கள் கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று ஆதிச் சபையிலேயே சண்டை. ஸ்தேவானோடு சேர்த்து ஏழு பேரை அந்த வேலைக்கென்றே நியமித்துத்தான் சமாளித்தார்கள். பகிர்ந்து கொடுப்பதற்குத் தனியாக ஆள் வேண்டும், பிரசங்கம் மட்டும் போதாது என்று அன்றைக்கே விளங்கியிருக்கிறது.

எனக்கு மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடந்ததில். கியூ மறைந்தது, கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். காஸ் வந்ததும் சமைத்த சாப்பாட்டை நிறுத்தியது சரிதான். தன் அடுப்பில் தன் பிள்ளைக்குச் சமைக்கத்தான் எந்தத் தாயும் விரும்புவாள். ஆனால் கஷ்டம் போய்விடவில்லையே, வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. 2023இல் நாட்டில் நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி கணக்கிட்டது. வறிய குடும்பங்களுக்கான அரசாங்கத்தின் அஸ்வெசும கொடுப்பனவு வந்ததுதான், ஆனால் அது சொத்தையும் கரண்ட் பில்லையும் பார்த்துப் புள்ளி போடுகிற திட்டம். வீட்டுக்காரருக்கு வேலை போன செய்தி படிவத்துக்குத் தெரிய வருவதற்கு முன்பே கோயில் வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். கையில் இருந்த அந்தத் தகவலை அவர்கள் பயன்படுத்தாமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நத்தாருக்கும் பொதி கட்டக் காசு சேர்க்கிறார்கள். நானும் கொடுப்பேன். ஆனால் சாமான் பட்டியல் போட முதல் அன்பியத்து அக்காமாரை ஒருக்கால் வீடுகளுக்கு அனுப்புங்கள். யாருக்கு அரிசி, யாருக்குக் கரண்ட் பில், யாருடைய பிள்ளைக்குச் சப்பாத்து என்று கேட்டு வரட்டும். மண்டபத்தில் அடுக்கின பொதிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.