தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு மனை போடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். சென்னையை ஒட்டிய எங்கள் முடிச்சூர்ப் பக்கம், வயலில் புது மனைப்பிரிவு போடுகிறவர்கள் இருபதடி வாய்க்காலை மூடி, மூன்றடி சிமென்ட் குழாய் பதித்து, மேலே கிராவல் கொட்டி நுழைவு வளைவு கட்டுகிறார்களே, அந்தப் படம்தான். "வந்துட்டாரு வளர்ச்சியைத் தடுக்க" என்று ஒருவர். "நீ மட்டும் முடிச்சூர்ல வீடு கட்டலாம், அடுத்தவன் கட்டக் கூடாதா?" என்று இன்னொருவர். இரண்டாவது ஆள் எங்கள் தெருக்காரர். ராத்திரி தூக்கமே வரவில்லை.

மனை போடாதீர்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தண்ணீருக்கு வழி விட்டுவிட்டுப் போடுங்கள் என்றுதான் சொன்னேன்.

அது நஞ்சை நிலம். ஏரி நிரம்பி கலங்கலில் வழியும் தண்ணீர் அந்த வாய்க்காலில் இறங்கித்தான் அடையாற்றுக்குப் போக வேண்டும். இப்போது வயலை நாலடி மேடாக்கிவிட்டார்கள். அந்த மனைகளில் தண்ணீர் நிற்காது, சரி. பின்னே எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்குத்தான் வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகக் கொப்பளித்து வந்தது. அம்மா பழைய புடவையைச் சுருட்டி ஓட்டையை அடைத்து, மேலே அம்மிக் குழவியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் புடவை குழவியைப் புரட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. விடிவதற்குள் கழுத்தளவு. அம்மா சீட்டுப் போட்டு வாங்கிய தையல் மெஷினுக்குள் போன சேறு இன்னும் அப்படியே இருக்கிறது. சக்கரம் சுற்றாது. பழைய இரும்புக்குப் போடவும் விடமாட்டார்.

"நீ மட்டும் கட்டலாமா?" ஆமாம், எங்கள் வீடு இருக்கும் இடமும் வயலாக இருந்ததுதான். அப்பா வாங்கும்போது பட்டா இருக்கிறதா, அப்ரூவல் இருக்கிறதா, பேங்க் லோன் கிடைக்குமா என்று மூன்றையும் விசாரித்தார். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்கவில்லை. கேட்கச் சொல்லவும் ஆள் இல்லை. அந்தத் தப்புக்கு நாங்கள் பட்டாயிற்று. பட்டவனே வாயைத் திறக்கக் கூடாது என்றால் வேறு யார் சொல்வது?

"எல்லா அனுமதியும் வாங்கித்தானே செய்யறாங்க" என்கிறார்கள். நகரியத் (டவுன்ஷிப்) திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் வரம்பே 50 ஹெக்டேர், அதாவது சுமார் 124 ஏக்கர். இது பதினாலு ஏக்கர். இப்படிப் பத்து மனைப்பிரிவு வரிசையாக வந்தால் 140 ஏக்கர் மேடாகிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனி என்பதால் மொத்தத்தில் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை விற்காத மூலைத் துண்டாகப் பார்த்து விடாமல், நிலம் தாழ்ந்த பக்கத்தில் விட்டுக் குளம் வெட்டுங்கள். வாய்க்காலைத் திறந்தே விட்டு, குறுக்கே அகலமாகப் பாலம் போடுங்கள். தெருவோரம் உறிஞ்சு கிணறு போடுங்கள். வரப்பில் நின்ற பதினோரு பனைகளைச் சாய்த்தார்களே, அந்தத் திறந்தவெளியை அங்கேயே விட்டிருந்தால் ஒன்றைக்கூட வெட்டியிருக்க வேண்டாம். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். பொக்லைன் வந்து ஒரு காலையில் முடித்துவிட்டது.

விலை ஏறுமாம். நாலு மனை குறையும், அவ்வளவுதான். குறையட்டும்.

எங்கள் தெருக்காரருக்கு ஒன்று. அந்த இரண்டு நாளும் நீங்களும் எங்களோடுதான் மொட்டை மாடியில் இருந்தீர்கள் அண்ணே. உங்கள் மகளுக்கு அப்போது எட்டு மாதம். நனையாமல் காப்பாற்றிய பால் பவுடரை அம்மா உங்கள் கையில்தான் கொடுத்தார். அந்த மனைப்பிரிவில் நீங்கள் ஒரு மனை பார்த்து வைத்திருப்பதாக இன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தாராளமாக வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை அந்தக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.